என்செபலார்ட்டோசு வூடி

என்செபலார்ட்டோசு வூடி என்பது தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நட்டால் மாகாணத்தைத் தாயகமாகக் கொண்ட ஒரு சைக்காடு இனமாகும். பேச்சு வழக்கில் இது வூட் சைக்காடு எனப்படுகிறது. இவ்வினத்தைச் சேர்ந்த ஒரேயொரு மரம் மட்டுமே இயற்கைச் சூழலில் கண்டறியப்பட்டுள்ளது. 1895 ஆம் ஆண்டில் ஓங்கோயே காட்டின் ஓரத்தில் காணப்பட்ட அந்த மரம் ஓர் ஆண் மரம். பெண் மரம் இன்றுவரை கிடைக்கவில்லை. இன்று உலகின் பல தாவரவியல் பூங்காக்களிலும் தனியார் தோட்டங்களிலும் வளர்ந்துவரும் நூற்றுக்கணக்கான வூட் சைக்காடுகள் யாவும் அந்த ஒரு மரத்தின் அடியில் தோன்றிய பக்கக் கன்றுகளின் வழிவந்தவை. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் தனது செம்பட்டியலில் இதனை இயற்கையில் அற்றுப்போன இனமாக வகைப்படுத்தியுள்ளது.

செய்தித்தாள்கள் இம்மரத்தை உலகின் மிகத் தனிமையான தாவரம் என்று எழுதுவது வழக்கம். அது மிகையான பேச்சன்று. ஆனால் இத்தாவரத்தின் சிக்கல் எண்ணிக்கை பற்றியதன்று என்பதை முதலிலேயே கருத்திற் கொள்ளுதல் நன்று. மரங்கள் வேண்டிய அளவு இருக்கின்றன. விதைதான் இல்லை.

சைக்காடுகள்

சைக்காடுகள் பூக்காத, விதை தரும் தாவரங்கள். பைன், கிங்கோ ஆகியவற்றைப் போல இவையும் வித்துமூடியிலிகள் என்னும் பெரும் பிரிவைச் சேர்ந்தவை. பனையை ஒத்த தோற்றம் இருப்பினும் பனைக்கும் இவற்றுக்கும் உறவில்லை. பனை பூக்கும் தாவரம். ஒருவித்திலை வகையைச் சார்ந்தது. நம்மூர்ப் பூங்காக்களிலும் கல்லூரி வளாகங்களிலும் அழகுக்காக வளர்க்கப்படும் சப்பானியச் சைக்கசைப் பார்த்தவர்கள், அதைவிடப் பன்மடங்கு பெரிய, அகன்ற சிற்றிலைகளைக் கொண்ட ஒரு மரத்தை எண்ணிக்கொண்டால் வூட் சைக்காட்டின் தோற்றம் ஓரளவு மனத்தில் தோன்றும். தமிழ்நாட்டுப் பாடநூல்களில் வித்துமூடியிலிகளுக்கு எடுத்துக்காட்டாகக் கூறப்படும் சைக்கசு வேறொரு குடும்பத்தைச் சேர்ந்தது. என்செபலார்ட்டோசு பேரினமோ சேமியேசியே குடும்பத்தைச் சேர்ந்தது. இப்பேரினத்தின் 60 இற்கும் மேற்பட்ட இனங்கள் அனைத்தும் ஆப்பிரிக்கக் கண்டத்திலேயே வாழ்கின்றன. அவற்றில் பாதிக்கும் மேல் தென்னாப்பிரிக்காவில் காணப்படுகின்றன.

சைக்காடுகளைப் பற்றி எழுதுவோர் பலரும் அவற்றை உயிருள்ள புதைபடிவங்கள் என்று குறிப்பிடுவர். தொன்மாக்கள் வாழ்ந்த காலத்தில் இக்கூட்டம் உலகெங்கும் பரவியிருந்தது உண்மை. எனினும் இன்று காணப்படும் இனங்களே அக்காலத்திலும் இருந்தன என்று கொள்ளுதல் தவறு. 2011 ஆம் ஆண்டில் சயன்சு ஆய்விதழில் வெளிவந்த ஒரு மரபியல் ஆய்வு, இன்றைய சைக்காடு இனங்களில் பெரும்பாலானவை ஏறத்தாழ 120 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்னரே கிளைத்துப் பெருகத் தொடங்கின என்று காட்டியது. தொன்மாக்களோ அதற்கு 5 கோடி ஆண்டுகளுக்கும் முன்னரே அழிந்துவிட்டன. ஆகவே குடும்பம் பழையது, உறுப்பினர்கள் புதியவர்கள் என்பதே சரியான கூற்று.

சைக்காடுகள் அனைத்தும் ஈரில்லத் தாவரங்கள். அதாவது, ஒரு மரம் ஆணாகவோ பெண்ணாகவோ மட்டுமே இருக்கும். ஆண் மரத்தின் கூம்பில் மகரந்தமும் பெண் மரத்தின் கூம்பில் விதையும் உருவாகின்றன. கூம்பு விடும் வரை ஒரு செடி எப்பாலினது என்று கண்ணால் பார்த்து அறிய இயலாது. இந்த ஒரு பண்பே வூட் சைக்காட்டின் கதை முழுவதையும் தீர்மானிக்கிறது. தென்னையைப் போல ஆண் பூவும் பெண் பூவும் ஒரே மரத்தில் தோன்றும் இனமாக இது இருந்திருந்தால் இக்கட்டுரைக்கே தேவை இருந்திராது.

பெயர்

என்செபலார்ட்டோசு என்பது கிரேக்க மொழியிலிருந்து ஆக்கப்பட்ட பெயர். உள், தலை, ரொட்டி என்னும் பொருள் தரும் மூன்று சொற்களின் சேர்க்கை அது. செருமானியத் தாவரவியலாளர் லேமன் 1834 இல் இப்பேரினத்தை நிறுவினார். இவற்றின் தண்டின் நடுவே உள்ள மாச்சத்து மிக்க சோற்றுப்பகுதியைத் தென்னாப்பிரிக்காவின் பழங்குடியினர் எடுத்துப் பதப்படுத்தி ரொட்டி போன்ற உணவாக்கினர் என்பதே பெயருக்குக் காரணம். ஆப்பிரிக்கான மொழியிலும் இம்மரங்களுக்கு ரொட்டி மரம் என்றே பெயர்.

இப்பெயரை நம்பி யாரும் சுவைத்துப் பார்க்கலாகாது. சைக்காடுகளின் விதையிலும் தண்டிலும் நச்சுப்பொருட்கள் உள்ளன. புதைத்துவைத்துப் புளிக்கவிட்ட பின்னரே பழங்குடியினர் அவற்றை உண்டனர். இம்முறையை அறியாமல் விதைகளைத் தின்றதால், போயர் போரின்போது 1901 இல் சான் சிமட்சு என்பவரின் படையினர் கடுமையாக நோயுற்றனர். பிற்காலத்தில் தென்னாப்பிரிக்காவின் பிரதமரான சிமட்சும் நோயுற்றவர்களில் ஒருவர்.

வூடி என்னும் இனப்பெயர் இம்மரத்தைக் கண்டறிந்த சான் மெட்லி வூட் (1827 - 1915) என்பவரின் நினைவாக இடப்பட்டது. இவர் 1882 முதல் டர்பன் தாவரவியல் பூங்காவின் காப்பாளராகப் பணியாற்றியவர். இங்கிலாந்தைச் சேர்ந்த செடி வணிகரான சாண்டர் 1908 ஆம் ஆண்டில் இதனைத் தனி இனமாக விவரித்துப் பெயரிட்டார். அரிய செடிகளைத் தேடி விற்பதில் பெயர்பெற்ற ஒரு வணிகர் அறிவியல் பெயரிடும் உரிமையையும் பெற்றது அக்காலத்தில் வியப்புக்குரியதன்று.

கண்டுபிடிப்பும் காட்டிலிருந்து அகற்றலும்

1895 இல் வூட், அப்போது சூலுலாந்து என அழைக்கப்பட்ட பகுதியில் செடிகளைச் சேகரித்துக்கொண்டு சென்றபோது, ஓங்கோயே காட்டின் ஓரத்தில் தெற்கு நோக்கிய செங்குத்தான ஒரு சரிவில் நான்கு தண்டுகளைக் கொண்ட ஒரு சைக்காட்டுத் தூறைக் கண்டார். அதுவரை தாம் அறிந்த இனங்களிலிருந்து அது வேறுபட்டிருந்ததால் அதன் அடியிலிருந்த பக்கக் கன்றுகள் சிலவற்றை எடுத்து வந்தார். அவற்றுள் ஒன்று 1899 இல் இலண்டனை அடுத்த கியூ அரச தாவரவியல் பூங்காவைச் சென்றடைந்தது.

1903 இல் வூட்டின் துணைவராகப் பணிபுரிந்த சேம்சு வைலி மேலும் சில கன்றுகளைக் கொண்டுவந்தார். 1907 இல் அவரே மீண்டும் சென்று, பெரிய தண்டுகளில் இரண்டைப் பெயர்த்தெடுத்து டர்பன் பூங்காவில் நட்டார். 1912 இல் காட்டில் எஞ்சியிருந்தது ஏறத்தாழ 3 மீட்டர் உயரமுள்ள ஒரு தண்டு மட்டுமே. வூட் 1915 இல் காலமானார். மறு ஆண்டு, அதாவது 1916 இல், வனத்துறையினர் அந்தக் கடைசித் தண்டையும் பெயர்த்தெடுத்துப் பிரிட்டோரியாவில் இருந்த அரசுத் தாவரவியலாளருக்கு அனுப்பிவைத்தனர். அது அங்கே 1964 வரை உயிர் வாழ்ந்து பின்னர் பட்டுப்போயிற்று.

கண்டுபிடிக்கப்பட்டதிலிருந்து 21 ஆண்டுகளில் ஓர் இனம் இயற்கையிலிருந்து முற்றாக நீங்கிவிட்டது. காட்டுத்தீயோ கால்நடையோ மரம் வெட்டுவோரோ இதனைச் செய்யவில்லை. தாவரவியலாளர்களும் அரசுத் துறையும் பாதுகாக்கும் நோக்கத்துடன் செய்த செயலின் விளைவு இது. இதை வைத்து அவர்களைக் குறைகூறுவோர் உளர். மருந்துக்காகத் தண்டை வெட்டுவது அப்பகுதியில் வழக்கமாக இருந்தமையால் அங்கேயே விட்டுவைத்திருந்தாலும் அம்மரம் நிலைத்திருக்கும் என்று கூறுவதற்கில்லை. டர்பனில் நடப்பட்ட தண்டுகள் நூறாண்டுகளைக் கடந்து நிலைத்திருக்க, பிரிட்டோரியாவிற்குச் சென்றது பட்டுப்போனதையும் இங்கே சேர்த்து எண்ண வேண்டும். ஒரே இடத்தில் அனைத்தையும் வைக்காமல் பிரித்து அனுப்பியதே இவ்வினத்தைக் காத்தது.

ஓங்கோயே காடு

ஓங்கோயே காடு, இந்தியப் பெருங்கடற் கரையிலுள்ள உம்துன்சினி ஊருக்கு உள்நாட்டுப் பக்கமாகக் கருங்கல் மலைமுகட்டின் மேல் அமைந்துள்ளது. பரப்பளவு ஏறத்தாழ 4,000 எக்டேர். சுற்றிலும் புல்வெளியும் ஊர்களும் கரும்பு வயல்களும் இருக்க, நடுவே ஒரு தீவைப்போல இக்காடு நிற்கிறது. இத்தகைய தனிமைப்பட்ட காடுகளில் வேறெங்கும் காணப்படாத உயிரினங்கள் தோன்றுவது இயல்பு. தென்னாப்பிரிக்காவில் இக்காட்டில் மட்டுமே வாழும் ஒரு பச்சைக் குக்குறுவான் பறவையும், இக்காட்டுக்கே உரிய ஒரு செவ்வணில் வகையும் இங்கு உள்ளன.

வூட் சைக்காடு நின்ற சரிவு தெற்கு நோக்கியது என்று மேலே குறிப்பிடப்பட்டது. நிலநடுக்கோட்டிற்கு வடக்கே வாழும் நமக்குத் தெற்குச் சரிவு என்றால் வெயில் மிகுந்த பக்கம். தென் அரைக்கோளத்தில் இது தலைகீழ். அங்கே கதிரவன் ஆண்டின் பெரும்பகுதி வடக்கே சாய்ந்து செல்வதால் தெற்குச் சரிவு நிழலும் ஈரமும் மிக்கது. வெப்பமான கோடையும் கடுங்குளிரற்ற பனிக்காலமும் ஆண்டுக்கு 750 முதல் 1,000 மில்லிமீட்டர் வரையிலான மழையும் இப்பகுதியின் தட்பவெப்பம். மழை பெரும்பாலும் கோடையில் பெய்கிறது. வளர்ப்போர் இவ்விவரங்களைப் பொருட்படுத்த வேண்டும்.

தோற்றம்

முழு வளர்ச்சி பெற்ற மரம் 6 மீட்டர் உயரம் வரை வளரக்கூடியது. தண்டு நேராக நின்று அடியில் பருத்திருக்கும். உச்சியில் 50 முதல் 150 வரையிலான இலைகள் குடைபோல விரிந்திருக்கும். ஒவ்வோர் இலையும் 2 மீட்டர் அளவுக்கு நீண்டு, அழகிய வளைவுடன் கீழ்நோக்கிக் கவிந்து, பளபளக்கும் கரும்பச்சை நிறத்தில் இருக்கும். இளம் செடியில் சிற்றிலைகளின் ஓரத்தில் மடல்களும் முட்களும் காணப்படும். மரம் முதிர முதிர அவை குறைந்து ஓரம் வழவழப்பாகிறது. இதனால் இளம் செடியையும் முதிர்ந்த மரத்தையும் அருகருகே பார்ப்பவர் இரண்டும் ஒரே இனம் என்று நம்பத் தயங்குவர்.

கூம்புகள் உருளை வடிவமும் கண்ணைக் கவரும் செம்மஞ்சள் நிறமும் கொண்டவை. ஒரே சமயத்தில் 6 முதல் 8 கூம்புகள் வரை தோன்றுவதுண்டு.

ஏனைய சைக்காடுகளைப் போல இதற்கும் சாதாரண வேர்களோடு, மேல்நோக்கி வளர்ந்து மண்ணின் பரப்பை ஒட்டிக் கொத்தாகத் தோன்றும் பவளவடிவ வேர்களும் உண்டு. நீலப்பச்சைப் பாசிகள் இவ்வேர்களின் உள்ளே குடியிருந்து காற்றிலுள்ள நைட்ரசனை மரத்திற்குப் பயன்படும் வடிவில் நிலைநிறுத்துகின்றன. வளங்குன்றிய பாறை நிலங்களில் சைக்காடுகள் தழைத்து வளர்வதற்கு இக்கூட்டுவாழ்வு பெரிதும் உதவுகிறது.

ஒன்றே ஒன்று ஏன்?

ஓர் இனத்தில் ஒரேயொரு மரம் எவ்வாறு எஞ்சியது என்னும் வினாவிற்கு இன்றுவரை முடிவான விடையில்லை. மூன்று விளக்கங்கள் முன்வைக்கப்படுகின்றன.

முதலாவது, முன்பு பரவலாக வாழ்ந்த ஓர் இனத்தின் கடைசி எச்சம் இது என்பதாகும். இரண்டாவது, இது தனி இனமே அன்று, அதே பகுதியில் வாழும் என்செபலார்ட்டோசு நட்டாலென்சிசு என்னும் இனத்தில் திடீர் மாற்றத்தால் தோன்றிய ஒரு தனி மரம் என்பது. மூன்றாவது, நட்டாலென்சிசும் கடற்கரை மணற்பகுதிகளில் வாழும் என்செபலார்ட்டோசு பெராக்சும் இயற்கையிற் கலந்து பிறந்த கலப்பினம் என்பது.

மரபியல் ஆய்வுகளின்படி இம்மரத்திற்கு மிக நெருங்கிய உறவு நட்டாலென்சிசே. ஆயினும் அது மட்டுமே முடிவைத் தந்துவிடாது. இரண்டாவது விளக்கமோ மூன்றாவது விளக்கமோ சரியெனில், இவ்வினத்திற்குப் பெண் மரம் எக்காலத்திலும் இருந்திருக்க வாய்ப்பில்லை, தேடுவதும் வீண். முதல் விளக்கம் சரியெனில் மட்டுமே தேடலுக்குப் பொருளுண்டு. பொதுவான கட்டுரைகள் பல இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் கடந்துவிடுகின்றன.

இனப்பெருக்கச் சிக்கல்

பக்கக் கன்றிலிருந்து வளரும் மரம் தாய்மரத்தின் மரபணுவை அப்படியே கொண்டிருக்கும். கணினியில் ஒரு கோப்பை ஆயிரம் முறை படியெடுத்தாலும் உள்ளிருக்கும் செய்தி ஒன்றுதான். மூலத்தில் பிழை இருப்பின் படிகள் அனைத்திலும் அப்பிழை இருக்கும். அதுபோலவே, இம்மரத்தைத் தாக்கவல்ல ஒரு நோய் தோன்றினால் டர்பனில் உள்ளதும் கியூவில் உள்ளதும் கலிபோர்னியாவில் உள்ளதும் ஒரே அளவில் பாதிக்கப்படும். பால் இனப்பெருக்கத்தின் பயனே ஒவ்வொரு விதையிலும் மரபணுக்கள் புதிதாகக் கலைத்து அடுக்கப்படுவதுதான். வூட் சைக்காட்டிற்கு அந்த வாய்ப்பு இல்லை.

சைக்காடுகளின் மகரந்தச் சேர்க்கை தனிச்சிறப்பு வாய்ந்தது. காற்றினால் மகரந்தம் பரவுகிறது என்றே நீண்ட காலம் கருதப்பட்டு வந்தது. ஆப்பிரிக்கச் சைக்காடுகளில் கூன்வண்டு முதலிய சிறு வண்டுகளே இப்பணியைச் செய்கின்றன என்பது பின்னர் தெளிவாயிற்று. பருவமடைந்த கூம்பு தன் வெப்பநிலையைச் சுற்றுப்புறத்தைவிட உயர்த்தி, மணத்தை வெளியிட்டு வண்டுகளைக் கவர்கிறது. மகரந்தம் பெண் கூம்பை அடைந்த பின்னரும் ஒரு வியப்பு உண்டு. சைக்காடுகளின் ஆண் பாலணுக்கள் நீந்திச் செல்லக்கூடியவை. ஆயிரக்கணக்கான நுண்ணிழைகளைக் கொண்ட அவை தாவர உலகின் மிகப் பெரிய பாலணுக்கள். சில இனங்களில் வெறுங்கண்ணுக்கே தெரியும். விதைத் தாவரங்களில் சைக்காடுகளும் கிங்கோவும் மட்டுமே இப்பண்பைப் பெற்றுள்ளன. டர்பனிலும் கியூவிலும் வூட் சைக்காடு கூம்பு விடும்போதெல்லாம் இந்த ஏற்பாடுகளின் ஆண் பாதி குறையின்றி நடைபெறுகிறது. மறுபாதி இல்லை.

இதற்குத் தீர்வாக நெடுங்காலமாக முயன்று வரும் வழி பிற்கலப்பு ஆகும். வூட் சைக்காட்டின் மகரந்தத்தை நட்டாலென்சிசுப் பெண் மரத்தில் இட்டால் முளைக்கக்கூடிய விதைகள் கிடைக்கின்றன. இவ்வாறு பிறந்த கலப்பினங்கள் பல தோட்டங்களில் வீரியத்துடன் வளர்கின்றன. முதல் தலைமுறையில் பாதி மரபணு வூடியினுடையது. அதில் பிறந்த பெண் மரம் கூம்பு விடும்போது மீண்டும் வூடியின் மகரந்தத்தை இட்டால் அடுத்த தலைமுறையில் 75 விழுக்காடு; அதற்கடுத்து 87.5, அதற்கும் அடுத்து 93.75. எண்ணளவில் எளிதாகத் தோன்றினாலும் நடைமுறையில் இது பொறுமையைச் சோதிப்பது. ஒரு தலைமுறை விதையிலிருந்து கூம்பு விடும் நிலையை அடைய 10, 15 ஆண்டுகளோ அதற்கு மேலோ ஆகலாம். பிறப்பவற்றில் ஆண்கள் பயன்படா. நான்கு தலைமுறை என்பது ஒரு தோட்டக்காரரின் பணிக்காலத்தைவிட நீண்டது. தொடங்கியவர் முடிப்பதைப் பார்க்க மாட்டார்.

இம்முறைக்கு மற்றொரு வரம்பும் உண்டு. என்செபலார்ட்டோசு பேரினத்தில் பசுங்கணிகங்கள் தாய்வழியாகவே அடுத்த தலைமுறைக்குச் செல்கின்றன. எனவே எத்தனை தலைமுறை பிற்கலப்புச் செய்தாலும் பசுங்கணிகத்தில் உள்ள டி.என்.ஏ நட்டாலென்சிசினுடையதாகவே நீடிக்கும். கிடைக்கும் மரம் வூடியைப் போன்றிருக்கும். முழுமையான வூடியாக இராது. அதை ஏற்றுக்கொள்ளலாமா என்பதில் தாவரவியலாளர்களிடையே ஒருமித்த கருத்தில்லை.

இரண்டாவது வழி பால் மாற்றம். கடுங்குளிர், தண்டில் காயம் முதலிய நெருக்கடிகளுக்குப் பின்னர் சில சைக்காடுகள் பால் மாறியதாகப் பதிவுகள் உண்டு. ஆனால் அதனை விரும்பியபடி செய்விக்கும் முறை கண்டறியப்படவில்லை. 2022 இல் நேச்சர் பிளான்ட்சு ஆய்விதழில் சீனச் சைக்கசு இனம் ஒன்றின் முழு மரபணுத்தொகுதி வெளியிடப்பட்டது. ஆண் மரங்களில் மட்டும் காணப்படும் ஒரு குறுமவெட்டுப் பகுதியையும், பால் நிர்ணயத்தில் பங்கு கொள்வதாகக் கருதப்படும் ஒரு மரபணுவையும் அவ்வாய்வு அடையாளம் காட்டியது. மனிதரில் உள்ளதைப் போன்ற எக்சு - ஒய் அமைப்பு அது. இந்த அமைப்பே வூட் சைக்காட்டிலும் இருக்குமாயின், அதன் மகரந்தத்தில் பாதி எக்சு குறுமவெட்டைத் தாங்கியிருக்கும். பெண்ணை உருவாக்கத் தேவையான செய்தி ஆண் மரத்தினுள்ளேயே இருக்கிறது என்பதே இதன் பொருள். அதனை வெளிக்கொணர்வது எவ்வாறு என்பது வேறு கேள்வி.

மூன்றாவது வழி தேடல். வூட் காலத்திற்குப் பின்னர் பலர் ஓங்கோயே காட்டில் நடந்து தேடியும் பெண் மரம் கிடைக்கவில்லை. இங்கிலாந்தின் சவுதாம்ப்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லாரா சிந்தியும் அவருடன் பணிபுரிவோரும் ஆளில்லா வானூர்திகளைக் காட்டின் மேல் பறக்கவிட்டுப் பல அலைநீளங்களில் படம் எடுத்து, அப்படங்களில் சைக்காட்டின் வடிவத்தைச் செயற்கை நுண்ணறிவு கொண்டு தேடும் திட்டத்தை மேற்கொண்டுள்ளனர். 2024 இல் இச்செய்தி பரவலாக வெளிவந்தது. அப்போது தேடி முடிக்கப்பட்டிருந்த பரப்பு காட்டின் 2 விழுக்காட்டுக்கும் குறைவு. பெண் மரம் எதுவும் தென்படவில்லை. இம்முறையில் நிரலாளருக்கு எழும் இடர்ப்பாடு ஒன்றுண்டு. கணினியைப் பயிற்றுவிக்க நூற்றுக்கணக்கான மாதிரிப் படங்கள் வேண்டும். காட்டில் நிற்கும் வூட் சைக்காட்டின் படமோ கிடைக்காது. ஆகவே செயற்கையாக உருவாக்கிய படங்களைக் கொண்டு பயிற்சி தரவேண்டியுள்ளது. மேலும், உயர்ந்த மரங்களின் விதானத்திற்குக் கீழே நிற்கும் சைக்காடு வானிலிருந்து தெரியாமல் போகலாம்.

வளர்ப்பு

சைக்காடுகளுள் வூட் சைக்காடு ஒப்பீட்டளவில் விரைவாகவும் எளிதாகவும் வளரக்கூடியது என்பது பலருக்கு வியப்பளிக்கலாம். இயற்கையில் ஒன்றாக நின்றது வளர்ப்பில் பிடிவாதம் காட்டுவதில்லை. நீர் தேங்காத, இலைமக்கு நிறைந்த, சற்றே அமிலத்தன்மை கொண்ட மண்ணும், முழு வெயிலோ இலேசான நிழலோ இருந்தால் போதுமானது. கோடையில் தாராளமாக நீர் ஊற்ற வேண்டும். குளிர்காலத்தில் குறைத்துக்கொள்ள வேண்டும். உறைபனியை இளம் இலைகள் தாங்கமாட்டா. உரத்திற்கு நன்கு பதிலளிக்கும் இனம் இது. வேர் ஆழமாக இறங்க இடம் வேண்டுமென்பதால் தொட்டியில் வளர்க்கப்படும் மரம் நிலத்தில் நட்டதைப்போல ஓங்கி வளர்வதில்லை.

பெருக்கம் முழுவதும் பக்கக் கன்றுகள் மூலமே நடைபெறுகிறது. வெப்பமான பருவத்தில், கன்றின் அடிப்பகுதி ஓரளவு பருத்த பின்னர், மண்ணை விலக்கி, கூரிய தூய்மையான கத்தியால் தாய்த்தண்டோடு சேரும் கழுத்துப் பகுதியில் வெட்டியெடுக்கின்றனர். இலைகள் நீக்கப்படுகின்றன. வேரில்லாத நிலையில் இலைகள் நீரை இழக்கச் செய்து கன்றை வாட்டிவிடும். தாயிலும் கன்றிலும் உள்ள வெட்டுக்காயத்திற்குப் பூஞ்சைக்கொல்லி தடவப்படுகிறது. பின்னர் கன்றை நிழலான, காற்றோட்டமுள்ள இடத்தில் சில வாரங்கள் உலரவிட வேண்டும். காயம் ஆறித் தோல் கட்டாமல் ஈர மண்ணில் வைத்தால் அழுகுவது உறுதி. அதன்பின் பருமணலும் எரிமலைக்கல் துகளும் போன்ற, நீர் நில்லாத கலவையில் பாதியளவு புதைத்து வைக்கப்படுகிறது. வேர் தோன்றப் பல மாதங்கள் ஆகும். மேலே இலை துளிர்த்துவிட்டது என்று மகிழ்ந்து இழுத்துப் பார்ப்பவர்கள் இளவேர்களை அறுத்துவிடுவதுண்டு. சேமித்த மாச்சத்தைக்கொண்டு கன்று வேரின்றியே துளிர்விடக்கூடும் என்பதால் இலையை வேரின் அடையாளமாகக் கொள்ளலாகாது.

வாழையைப் போலவோ ஆர்க்கிட்டைப் போலவோ இழைய வளர்ப்பு முறையில் ஆய்வகத்தில் பெருக்குவது சைக்காடுகளில் எளிதாகக் கைகூடுவதன்று. அதனால் இருக்கும் மரங்கள் எத்தனைக் கன்றுகளை விடுகின்றனவோ அத்தனையே புதிய மரங்கள்.

பூச்சிகளுள் ஆசியாவிலிருந்து பல நாடுகளுக்குப் பரவிய சைக்காட்டுச் செதிற்பூச்சி குறிப்பிடத்தக்கது. இலையின் அடிப்புறத்தில் வெண்மாவு தூவியதைப்போல அப்பிச் சாற்றை உறிஞ்சும் இப்பூச்சி தென்னாப்பிரிக்காவையும் எட்டியுள்ளது. கிழக்குக் கடற்கரைப் பகுதியில் ஒருவகை அந்துப்பூச்சியின் புழுக்கள் இளந்துளிர்களைத் தின்று ஓர் ஆண்டின் இலைக்கொத்தையே அழித்துவிடுவதுண்டு.

திருட்டும் சட்டமும்

என்செபலார்ட்டோசு பேரினம் முழுவதும் சைட்டீசு உடன்படிக்கையின் முதல் இணைப்பில் உள்ளது. இயற்கையிலிருந்து எடுக்கப்பட்ட மரங்களைப் பன்னாட்டு வணிகத்தில் விற்பது தடைசெய்யப்பட்டுள்ளது. தென்னாப்பிரிக்காவிற்குள்ளும் சைக்காடு வைத்திருக்க உரிமம் வேண்டும். இருப்பினும் களவு ஓயவில்லை. அரிய இனங்களைச் சேர்த்துவைப்பதைப் பெருமையாகக் கருதும் செல்வந்தர்கள் இருக்கும்வரை அது ஓயப்போவதுமில்லை. 2014 ஆகத்து மாதத்தில் கேப் டவுனில் உள்ள கிர்சுடன்போசு தேசியத் தாவரவியல் பூங்காவிலிருந்தே 24 சைக்காடுகள் திருடப்பட்டன. அவற்றில் 22 மரங்கள் மிக அருகிவரும் என்செபலார்ட்டோசு லாட்டிபிரான்சு இனத்தைச் சேர்ந்தவை. அப்பூங்காவில் உள்ள வூட் சைக்காடு இரும்புக் கூண்டினுள் நிற்கிறது.

திருட்டைக் கண்டறிய மரத்தினுள் நுண்சில்லுகளைப் பொருத்துகின்றனர். அவற்றைத் தோண்டியெடுக்கக் கள்வர் கற்றுக்கொண்ட பின்னர், இலையிலும் தண்டிலும் உள்ள ஓரிடத்தான்களின் விகிதத்தை அளந்து அம்மரம் காட்டில் வளர்ந்ததா தோட்டத்தில் வளர்ந்ததா என்று கண்டறியும் முறையும் ஆராயப்பட்டுள்ளது.

காட்டிலிருந்து எடுக்க வூட் சைக்காடு எதுவும் எஞ்சவில்லை. ஆகவே இவ்வினத்தில் திருட்டு என்பது பூங்காக்களிலிருந்தும் தோட்டங்களிலிருந்தும் மட்டுமே நிகழக்கூடும்.

பூங்காக்களில்

டர்பன் தாவரவியல் பூங்காவில் வைலி கொண்டுவந்த தண்டுகள் இன்றும் நிற்கின்றன. காட்டில் வேரூன்றி நின்ற மூல மரத்தின் பகுதிகள் என்பதால் ஏனைய மரங்களுக்கு இல்லாத சிறப்பு இவற்றுக்கு உண்டு. அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்திலுள்ள லாங்வுட் தோட்டம் 1969 இல் ஒரு மரத்தைப் பெற்றது. கலிபோர்னியாவின் லோட்டசுலாந்து தோட்டத்தில் மூன்று மரங்கள் உள்ளன. அத்தோட்டத்தை அமைத்த போலந்து நாட்டு இசைநாடகப் பாடகி கன்னா வால்சுகா, தமது சைக்காட்டுத் தோட்டத்திற்குப் பணம் திரட்டத் தம் நகைகளை ஏலத்தில் விற்றார்.

கியூ பூங்காவிற்கு 1899 இல் வந்த கன்று, பனை இல்லம் எனப்படும் கண்ணாடிக் கூடத்தில் பல பத்தாண்டுகள் வளர்ந்தது. 1997 இல் இடவசதி மிக்க மிதவெப்ப இல்லத்திற்கு அது மாற்றப்பட்டது. 2004 செப்டம்பரில் அங்கே முதன்முறையாகக் கூம்பு விட்டது. வந்து சேர்ந்து 105 ஆண்டுகள் கழிந்திருந்தன. இதே பூங்காவின் பனை இல்லத்தில் 1775 இல் கொண்டுவரப்பட்ட என்செபலார்ட்டோசு ஆல்டென்சுடைனி மரம் ஒன்று இன்றும் தொட்டியில் வாழ்கிறது. அது கியூவில் கூம்பு விட்டது 1819 இல் ஒரே ஒரு முறை. அதோடு ஒப்பிட்டால் வூட் சைக்காடு அவ்வளவு தாமதம் செய்துவிடவில்லை.